போதகர்கள் பிரசங்க பீடத்திலிருந்து அரசியல் பேசலாமா?

பேசலாம். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லக் கூடாது. நான் போதகர் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறவன். அதனால் கேட்கிறவன் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கட்சிக் கூட்டத்தில் பேச்சு பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடலாம். டிவி விவாதத்தில் எதிர்த்தரப்புக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஆராதனையில் கையைத் தூக்கி, "பாஸ்டர், அந்தச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்று யாராவது கேட்க முடியுமா? அவர் கையில் வேதம் இருக்கிறது. அவருடைய சொந்தக் கருத்தை மறுத்தால்கூட ஆண்டவருடைய வார்த்தையை மறுத்த மாதிரி ஆகிவிடும். என் தயக்கம் முழுக்க இங்கேதான்.

அதற்காக வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. தீர்க்கதரிசிகளை எடுத்துவிட்டால் பழைய ஏற்பாட்டில் பாதி காலியாகிவிடும். உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி, "நீயே அந்த மனுஷன்" என்று நேருக்கு நேர் சொன்னான். நாத்தான் தாவீதின் எதிரி இல்லை, அவனுடைய அரண்மனைக்குள் இருந்தவன் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நமக்குப் பிடிக்காத ஆட்சியின் பாவத்தை யார் வேண்டுமானாலும் பேசிவிடுவார்கள். (இதே நாத்தான் பின்னால் சாலொமோனை ராஜாவாக்கும் காரியத்திலும் இறங்கினான். ஆக, 'தீர்க்கதரிசிகள் பதவி அரசியலைத் தொடவே இல்லை' என்றும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.)

எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ எனக்கு நல்ல உதாரணம். ஞாயிறு பிரசங்கத்தில் அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களின் பெயர்களை வாசிப்பார். அது வானொலியில் நாடு முழுக்கப் போகும். 1980 மார்ச் 23 அன்று, அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று கடவுளின் பெயரால் படைவீரர்களுக்குக் கட்டளையிட்டார். மறுநாளே திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொன்றார்கள். அவர் எந்த வேட்பாளருக்காகவும் ஓட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பிரசங்கங்களை அரசியல் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

மறுபக்கத்துக்கு 1930-களின் ஜெர்மனி. கிறிஸ்தவர்களிலேயே ஒரு பிரிவினர் ஹிட்லரின் கட்சியைச் சபைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்த சபையார் 1934-ல் வெளியிட்ட பார்மென் அறிக்கை, சபையின் ஆண்டவர் கிறிஸ்து ஒருவரே என்று துணிச்சலாகச் சொன்னது. ஆனாலும் யூதர்களுக்கு நடந்துகொண்டிருந்த கொடுமையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சபையின் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர்களே பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் பேசாமல் விட்டார்கள். 'அரசியல் வேண்டாம், ஆத்தும ஆதாயம் போதும்' என்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று: ஜெபத்திலேயே நடக்கும் பிரச்சாரம். தேர்தல் நெருங்கினால் "ஆண்டவரே, உமது பிள்ளைகளை நேசிக்கிறவர்கள் கையில் ஆட்சியைக் கொடும்" என்று ஒரு ஜெபம் வரும். எந்தக் கட்சி என்று சபையில் எல்லோருக்கும் புரியும், சொன்னதாக மட்டும் கணக்கில் வராது. இதைவிட நேராகவே சொல்லிவிடலாம். அதிகாரத்தில் உள்ள எல்லோருக்காகவும் ஜெபிக்கச் சொல்லித்தான் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார், நமக்கு வேண்டியவர்களுக்காக மட்டும் அல்ல.

அமெரிக்காவில் வரிவிலக்குப் பெறும் சபைகள் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்று 1954-லிருந்து சட்டம் இருக்கிறது. போதகர் ஆராதனையில் தன் சபையாரிடம் பேசுவது அந்தத் தடைக்குள் வராது என்று 2025-ல் அந்நாட்டு வரித்துறையே நீதிமன்றத்தில் சொன்னது. சட்டம் விட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரே திருவிருந்துக்கு வருகிறவர்கள் வெவ்வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். தோற்ற கட்சிக்காரர் அடுத்த ஞாயிறும் அதே போதகரிடம்தான் ஜெபத்துக்கு வந்து நிற்க வேண்டும்.

லஞ்சம், சாதி, கூலியைப் பிடித்துவைப்பது, அகதிகளை நடத்தும் விதம் இதையெல்லாம் பெயர் சொல்லியே பேசட்டும். ஆளுங்கட்சி மாறிய பிறகும் அதே பிரசங்கத்தை அதே குரலில் செய்வார் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால் எல்லோரையும் போல உட்காரட்டும், அவருக்காகவும் ஜெபிக்கலாம். மைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.