சுகர் உள்ள அம்மாவுக்கு க்ரேப்: ஓட்ஸ் மாவு ஏன் பிய்ந்து போகுது?

தண்டையார்பேட்டை தோழிக்கு, சுகர் இருக்கும் அம்மாவுக்கு ஓட்ஸ் மாவில் ஊற்றின க்ரேப் (தோசை மாதிரி மெல்லிசா ஊற்றி, உள்ளே பூரணம் வைக்கும் பிரெஞ்சுப் பலகாரம்) பிய்ந்து போகுது, இனிப்புக்கு நாட்டுச்சர்க்கரையும் வாழைப்பழமும் வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வெறும் ஓட்ஸ் மாவில் ஊற்றினதாலதான் உங்க க்ரேப் திருப்பும்போது பிய்ந்து போகுது. மைதாவில் இருக்கும் பசைத்தன்மை ஓட்ஸில் கிடையாது. மாவைப் பிடிச்சு நிறுத்த முட்டை வேணும்.

கடலை மாவு 50 கிராம், பொடிச்ச ஓட்ஸ் 30 கிராம், முட்டை 2, தண்ணீர் 180 மில்லி, எண்ணெய் ஒரு டீஸ்பூன், உப்பு. கட்டியில்லாம அடிச்சு அரை மணி நேரம் மூடி வைங்க. ஓட்ஸ் தண்ணீரை இழுத்து மாவு கெட்டியாகிடும். ரவா தோசை மாவைவிடச் சற்றே கெட்டியா இருக்கும்படி தண்ணீர் சேருங்க. 8 அங்குல நான்ஸ்டிக் கல், மிதமான தீ. 60 மில்லி ஊற்றி உடனே கல்லைச் சுழற்றுங்க. தோசை மாதிரி கரண்டியால தேய்க்கவே கூடாது, அங்கேதான் கிழியும். ஓரம் தானா எழும்பினதும் திருப்புங்க. 6 வரும்; ஒன்றில் ஏறக்குறைய 8 கிராம் மாவுச்சத்து. அம்மாவுக்கு ஒரு வேளைக்கு 2 போதும்.

உள்ளே வைக்க, காரத்துக்குச் சுறாப்புட்டை அடிச்சுக்க எதுவுமில்லை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்துலயே இருக்கே! பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோட ஈரம் முழுசாச் சுண்டும்வரை வதக்குங்க. ஈரம் நின்னா க்ரேப் ஊறிக் கிழியும். மீன் இல்லாத நாள் முருங்கைக்கீரைப் பொரியல்.

இனிப்புக்கு நீங்க சொன்ன நாட்டுச்சர்க்கரையும் வாழைப்பழமும் வேண்டாம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சுகரை ஏத்தும். துணியில் கட்டி வடிச்ச புளிக்காத தயிர் 2 ஸ்பூன், வறுத்த வேர்க்கடலைப் பொடி, பட்டைத்தூள், பொடியா நறுக்கின கால் ஆப்பிள் வைங்க. முதல் தடவை சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டரில் பாருங்க. வழக்கத்தைவிட ஏறியிருந்தா ஆப்பிளை விட்டுடுங்க.