குதிரை இழுக்கும் பனிச்சறுக்கு

கேள்வி: குதிரைக்குப் பின்னால் பனியில் சறுக்கிச் செல்லும் விளையாட்டு உண்டாமே, உதகை உறைபனியில் அது சாத்தியமா?
– வாசகர், குன்னூர்

பதில்: ஸ்கிஜோரிங் எனப்படும் அவ்விளையாட்டில், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில், உறைந்த ஏரியின்மீது ஆளேறாத பந்தயக் குதிரை பாய்ந்தோட, அதன் நீண்ட வார்களைப் பற்றியவாறு வீரர் சறுக்குப் பலகைகளில் விரைகிறார், 1928 குளிர்கால ஒலிம்பிக்கில் அது காட்சிப் போட்டியாகவும் இடம்பெற்றது. அமெரிக்காவின் லெட்வில்லில் குதிரைமேல் ஒருவர் அமர்ந்து ஓட்ட, பின்னால் கயிற்றைப் பிடித்து வருபவர் பனிமேடுகளைத் தாண்டிக்கொண்டே தொங்கும் வளையங்களையும் கோத்தெடுக்க வேண்டும். பார்ப்பவரையே பதறவைக்கும் வித்தை அது.

உதகையில் இதற்கு வழியில்லை. தலைகுந்தா புல்வெளியில் ஜனவரி விடியலில் வெளுத்துப் படர்வது புல்நுனிகளில் உறைந்த ஈரமே. வெயில் ஏறினால் கரைந்துவிடும். சறுக்குப் பலகைக்கோ கெட்டிப்பட்ட ஆழமான பனி தேவை. மேலும், வழுக்காத குமிழ்கள் பொருத்திய லாடமின்றிக் குதிரையைப் பனியில் விரட்டுவது கொடுமை. ஏரிக்கரைச் சவாரிக் குதிரைகளை வைத்து எவரும் முயலவே கூடாது.