ஆள் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டும்

கம்ப்யூட்டர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. புரோகிராம் நன்றாக ஓடுகிறது, பக்கத்தில் ஆள் இருக்கும் வரைதான். அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், கீபோர்டில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

கேள்வி: அம்மணி, வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் தேங்காய்க் களமும் எடைமேடையும் வைத்திருக்கிறோம். எடைமேடை இண்டிகேட்டரில் வரும் எடையைப் படித்து ஆபீஸ் கணக்கில் ஏற்ற, என் தங்கச்சி மகன் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். உபுண்டு போட்ட கம்ப்யூட்டர். கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை அடித்தால்தான் ஓடுகிறது. ஜன்னலை மூடினால் நின்றுபோகிறது, கரண்ட் போய் வந்தாலும் அப்படியே. ராத்திரி கொப்பரை லாரி வந்தால் வாட்ச்மேன் என்னை எழுப்புகிறார். மாப்பிள்ளைக்கு இப்போது பெங்களூரில் வேலை. என்ன பண்ணலாமுங்க?
– காங்கேயம் வாசகர்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாப்பிள்ளை எழுதிய புரோகிராமில் குறை இல்லை. அதை ஓட்டுகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அந்தக் கறுப்பு ஜன்னலை, அதாவது டெர்மினலை மூடும்போது, அதற்குள் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு 'இணைப்பு அறுந்துவிட்டது' என்று ஒரு சிக்னல் போகும். அது வந்ததும் புரோகிராம் நின்றுவிடும். கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' சேர்த்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். ஜன்னலை மூடினாலும் ஓடும், சரி. கரண்ட் போய் வந்தால் மறுபடி யார் அடிப்பது? எழுப்பிவிடும் பொறுப்பு உங்களிடமும் இருக்கக் கூடாது, வாட்ச்மேனிடமும் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டரிடம் இருக்க வேண்டும்.

உபுண்டுவில் அந்தப் பொறுப்பை ஏற்பது சிஸ்டம்டி. 2015-இல் வந்த 15.04 பதிப்பிலிருந்து அதில் இருக்கிறது. மெஷின் எழும்போது தான் முதலில் எழுந்து, மற்ற எல்லாவற்றையும் வரிசையாக எழுப்பிவிடும். உங்கள் புரோகிராமையும் அந்த வரிசையில் சேர்க்க ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போதும். அதற்கு யூனிட் ஃபைல் என்று பெயர். இப்படிப் பின்னணியில் தானாக ஓடும் புரோகிராமை சர்வீஸ் என்பார்கள். இடிசி போல்டருக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற போல்டரில் 'வேபிரிட்ஜ்.சர்வீஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலில் யூனிட், சர்வீஸ், இன்ஸ்டால் என்று மூன்று பகுதிகள். முதல் பகுதியில் புரோகிராம் என்ன செய்கிறது என்று ஒரு வரி. கடைசிப் பகுதியில் 'வான்டட்பை' என்பதற்கு எதிரே 'மல்டி-யூசர்.டார்கெட்'. யாரும் லாகின் செய்யாமலே புரோகிராம் எழுவதற்கு இந்த வரிதான் காரணம். வேலை எல்லாம் நடுப்பகுதியில் இருக்கிறது.

'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியில் பைத்தானுக்கும் புரோகிராம் ஃபைலுக்கும் முழுப் பாதை கொடுங்கள். மாப்பிள்ளை இந்தப் புரோகிராமுக்கென்று தனி பைத்தான் போல்டர், அதாவது விர்ச்சுவல் என்விரான்மென்ட், போட்டிருந்தால் அதற்குள் இருக்கும் பைத்தானின் பாதைதான் வேண்டும். டெர்மினலில் பழகிய குறுக்கு வழிகள் இங்கே செல்லாது. பைப் குறி, அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பும் குறி, இரண்டும் வேலை செய்யாது. டெர்மினல் திறக்கும்போது படிக்கிற பாஷ்ஆர்சி என்ற செட்டிங் ஃபைலில் எழுதியிருப்பதையும் சிஸ்டம்டி படிக்காது. 'டெர்மினலில் ஓடுகிறது, சர்வீஸில் ஓடவில்லை' என்று நான் போய்ப் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் காரணம் இதுதான்.

அடுத்து 'யூசர்'. சாதாரண யூசர் பெயரைப் போடுங்கள், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் வேண்டாம். ஆனால் இண்டிகேட்டரிலிருந்து எடை வந்து சேரும் சீரியல் போர்ட்டைத் திறக்க அந்த யூசர் 'டயல்அவுட்' குரூப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அனுமதி இல்லை' என்று நின்றுவிடும். யூஎஸ்பி கன்வர்ட்டர் வழியாக இண்டிகேட்டரை மாட்டியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். இன்றைக்கு 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று வந்த போர்ட், கேபிளைக் கழற்றி மாட்டினால் '1' ஆகிவிடலாம். 'டெவ்' போல்டருக்குள் 'சீரியல்', அதற்குள் 'பை-ஐடி' என்று இருக்கும். அங்கே உள்ள நீளமான பெயர் மாறாது. புரோகிராமில் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

'ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே 'ஆல்வேஸ்'. இதோடு நிறுத்திவிடாதீர்கள், 'ரீஸ்டார்ட்செக்' என்பதில் 10 போடுங்கள். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த வரி இல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லி செகண்டில் மறுபடி எழுப்பும். 10 செகண்டுக்குள் 5 முறை எழுப்பியும் மறுபடி விழுந்தால் 'ஃபெயில்டு' என்று எழுதிவிட்டு விட்டுவிடும், அதன் பிறகு தானாக எழுப்பாது. யாரோ கூட்டும்போது கேபிள் கழன்றுவிட்டது என்று வையுங்கள். திரும்ப மாட்டுவதற்குள் அந்த ஐந்து முயற்சியும் முடிந்திருக்கும். 10 செகண்ட் இடைவெளி இருந்தால் அந்தக் கணக்கில் சிக்காது, கேபிள் எப்போது வந்தாலும் எழுந்துகொள்ளும்.

ஃபைலைச் சேமித்த பிறகு 'சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்'. யூனிட் ஃபைலில் ஓர் எழுத்து மாற்றினாலும் இது வேண்டும். அப்புறம் 'சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் வேபிரிட்ஜ்', பிறகு அதே போல் 'ஸ்டார்ட் வேபிரிட்ஜ்'. ஸ்டார்ட் என்பது இப்போதே ஓட்டுவதற்கு, எனேபிள் என்பது அடுத்த முறை மெஷின் எழும்போது ஓட்டுவதற்கு. ஸ்டார்ட் மட்டும் போட்டால் அடுத்த மின்தடையில் பழைய கதைதான். என்ன நடக்கிறது என்று பார்க்க 'ஜர்னல்சிடிஎல் -யூ வேபிரிட்ஜ் -எஃப்'. பைத்தான் தன் அவுட்புட்டைத் தேக்கி வைத்துத் தாமதமாக வெளியிடும். ஆகவே யூனிட் ஃபைலில் 'என்விரான்மென்ட்' வரியில் 'பைத்தான்அன்பஃபர்டு=1' சேர்த்தால் வரிகள் உடனுக்குடன் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு பயாஸில், அதாவது உபுண்டு எழுவதற்கு முன் வரும் மெஷினின் அடிப்படை செட்டிங் திரையில், ஒரு செட்டிங் பாக்கி இருக்கிறது. கரண்ட் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆக வேண்டும் என்பது அது. 'ஏசி பவர் லாஸ்' என்ற சொற்களோடு இருக்கும், 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளிலேயே சோதித்துவிடலாம். கரண்ட் வந்த பிறகு யாரும் கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு லாரியை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லுங்கள். எடையை முதலில் அந்த மெஷினிலேயே ஒரு ஃபைலில் எழுதிவிட்டு, பிறகு ஆபீஸுக்கு அனுப்பட்டும். இன்டர்நெட் இல்லாத நேரத்தில் ஏறிய எடையை எந்த சர்வீஸ் செட்டிங்காலும் மீட்க முடியாது. கொப்பரைக்காரருக்கு அது அவருடைய பணம்.

கேள்வி: அக்கா, மஞ்சள் மண்டிக் கணக்கை சர்வீஸாக ஓட்டுகிறோம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யூனிட் ஃபைலிலேயே எழுதிவிட்டேன். பரவாயில்லையா?
– ஈரோடு வாசகர்

பதில்: எடுத்துவிடு தம்பி. யூனிட் ஃபைலை அந்த மெஷினில் இருக்கும் எந்த யூசரும் படிக்கலாம். பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் எழுதி, ரூட் மட்டும் படிக்கிற மாதிரி 600 அனுமதி கொடு. யூனிட் ஃபைலில் 'என்விரான்மென்ட்ஃபைல்' என்று அதன் பாதையைக் காட்டு. சர்வீஸ் சாதாரண யூசராக ஓடினாலும் அந்த ஃபைலை சிஸ்டம்டி ரூட்டாகவே படித்துக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டையும் மாற்றிவிடு, பழையது எத்தனை பேர் கண்ணில் பட்டதோ.

கேள்வி: மேடம், திருப்பூரில் நிட்டிங் ஜாப் ஒர்க் யூனிட். மெஷின் வாரியாக உற்பத்தியைச் சேகரிக்கும் ஒரு எக்ஸ்இ ஃபைல் விண்டோஸில் ஓடுகிறது. சர்வீஸாக மாற்ற 'எஸ்சி கிரியேட்' போட்டேன். ஸ்டார்ட் செய்தால் 1053 என்று எரர் வருகிறது.
– திருப்பூர் வாசகர்

பதில்: விண்டோஸில் சர்வீஸாக ஓடும் புரோகிராம், தன்னை ஸ்டார்ட் செய்யும் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜருக்கு 'வந்துவிட்டேன்' என்று பதில் சொல்ல வேண்டும். சாதாரண எக்ஸ்இ-க்கு அந்தப் பதிலைச் சொல்லத் தெரியாது. 30 செகண்ட் காத்திருந்துவிட்டு விண்டோஸ் 1053 காட்டும். என்எஸ்எஸ்எம் என்ற இலவசக் கருவி நடுவில் நின்று அந்தப் பதிலைச் சொல்லி, உங்கள் எக்ஸ்இ-யை ஓட்டும், செத்தால் எழுப்பும். நான் அதைத்தான் சொல்வேன்.

டாஸ்க் ஷெட்யூலரில் போடுவதானால் மூன்று டிக்குகளை எடுத்துவிட வேண்டும். 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்பது ஒன்று. தொடர்ந்து ஓட வேண்டிய புரோகிராம் நான்காம் நாள் காணாமல் போவது இதனால்தான். ஏசி பவரில் இருந்தால் மட்டும் ஆரம்பி, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்பவை மற்ற இரண்டு. யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கேபிளில் இணைத்திருந்தால் கரண்ட் போனதும் விண்டோஸ் அதை பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளும். யூபிஎஸ் வாங்கியதே அந்த நேரத்துக்காக!

இசட் டிரைவ் மாதிரி மேப் செய்த டிரைவ்கள் சர்வீஸுக்குத் தெரியாது. சர்வர் பெயரோடு முழுப் பாதை கொடுத்து, அந்த ஷேரைத் திறக்க அனுமதி உள்ள யூசர் பெயரில் சர்வீஸை ஓட்டுங்கள். விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் தனி செஷனில் ஓடுவதால் புரோகிராம் ஏதாவது பெட்டியைத் திறந்து 'ஓகே' கேட்டால் யார் கண்ணிலும் படாது. அது அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை, மூடிய ஷெட். வெப்பநிலையைப் பார்க்க ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரில் ஒரு சர்வீஸ் ஓட்டுகிறேன். போன வாரம் 'ஆக்டிவ், ரன்னிங்' என்றே காட்டியது, ஆனால் மணிக்கணக்காக ஒரே வெப்பநிலை. ரீஸ்டார்ட் ஆல்வேஸ் போட்டிருந்தும் ஏன் எழுப்பவில்லை?
– பல்லடம் வாசகர்

பதில்: புரோகிராம் சாகவில்லை, தொங்கிவிட்டது. செத்தால்தான் ரீஸ்டார்ட். சென்சாரிடம் கேட்டுவிட்டு முடிவில்லாமல் பதிலுக்குக் காத்திருப்பதையும் சிஸ்டம்டி 'ரன்னிங்' என்றுதான் சொல்லும்.

முதலில், சென்சாரைப் படிக்கும் இடத்தில் டைம்அவுட், அதாவது காத்திருக்க ஒரு நேர வரம்பு, வையுங்கள். அடுத்து யூனிட் ஃபைலில் 'வாட்ச்டாக்செக்' என்று 60 போடுங்கள். அந்த நேரத்துக்குள் புரோகிராமிடமிருந்து 'வாட்ச்டாக்=1' என்ற செய்தி வராவிட்டால் சிஸ்டம்டி அதை நிறுத்தி மறுபடி எழுப்பும். செய்தியை எங்கிருந்து அனுப்புகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். புதிய அளவு கைக்கு வந்த பிறகு, அந்த இடத்திலிருந்து மட்டும் அனுப்ப வேண்டும். புரோகிராமுக்குள்ளேயே பக்கத்தில் தனியாக ஓடும் த்ரெட்டில் வைத்தால், சென்சார் தொங்கிக் கிடக்கும்போதும் 'நலம், நலம்' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். பை முழுவதும் உறைந்துபோகும் நிலைக்கு அதன் ஹார்ட்வேர் வாட்ச்டாக் இருக்கிறது. சிஸ்டம்.கான்ஃப் ஃபைலில் 'ரன்டைம்வாட்ச்டாக்செக்' என்று 10 கொடுங்கள். அந்தச் சில்லு சுமார் 15 செகண்டுக்கு மேல் தாங்காது, பெரிய எண் வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. சித்திரை வெயிலில் மூடிய ஷெட்டில் ஃபேன் நின்றால் கோழிகளுக்கு அதிக நேரம் இல்லை. அந்த உயிர்களை பையில் இருக்கும் ஒரு மெமரி கார்டை நம்பி விடாதீர்கள். பை பதிவு வைத்துக்கொள்ளட்டும், போனுக்குச் செய்தி அனுப்பட்டும். சைரன் மட்டும் பையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தெர்மோஸ்டாட்டிலிருந்து நேராக அடிக்க வேண்டும், தனி பேட்டரியில். மின்சார வேலை தெரிந்தவரை வைத்து இந்த வாரமே மாட்டிவிடுங்கள். மாட்டிய பிறகு தெர்மோஸ்டாட்டை ஷெட்டின் வெப்பத்துக்குக் கீழே திருப்பி, மெயினை அணைத்து, ராத்திரி அங்கே படுக்கும் ஆளின் கட்டிலில் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.