வாசகர் கேள்வி: அங்கோர் வாட்டை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி: கோடை விடுமுறையில் என் கணவருடனும் பேரனுடனும் கம்போடியா செல்ல எண்ணியிருக்கிறேன். அங்கோர் வாட் கோயிலுக்கு ஒரு நாள் போதுமா? (ஒரு வாசகி, மேலூர்)

பதில்: போதாது. 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூர்யவர்மன் திருமாலுக்காக எழுப்பிய இக்கோயிலைத் தவிர, பாயோன், தா புரோம் முதலிய கோயில்களும் அங்கோர் தொல்லியல் வளாகத்தில் பரந்து கிடக்கின்றன. ஒரு நாள் நுழைவுச்சீட்டு 37 டாலர். மூன்று நாள் சீட்டு 62 டாலர்தான், அதையும் பத்து நாள்களுக்குள் விரும்பிய நாள்களில் பயன்படுத்தலாம் என்பதால் இரண்டாவதையே வாங்குங்கள். பேரனுக்குப் பன்னிரண்டு வயது நிறையவில்லையெனில் சீட்டே வேண்டாம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.

அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்று மண்டபத்தின் தென்பகுதியில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. வாசுகியைப் பிடித்திழுக்கும் அசுரரும் தேவரும் வரிசையாக நிற்க, நடுவில் ஆமையின் மேல் திருமால் நிற்கிறார். மேற்குச் சுற்றில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரையும் காணலாம். கதை தெரிந்த நமக்கு வழிகாட்டி அவசியமில்லை என்பது என் கருத்து. பேரனுக்கு நீங்களே சொல்லுங்கள்.

கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே விடியற்காலையில் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும். உச்சித் தளத்துக்குச் செல்லும் படிகள் மிகவும் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்றுவிடலாம். ஏறுவோர் தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருக்க வேண்டும். ஏப்ரல் வெயில் அங்கும் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததன்று. இயன்றால் பயணத்தை அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள்.