நைஸ் அமைப்பு மருத்துவ வழிகாட்டுதல்களை எப்படித் தயாரிக்கிறது?

1999-இல் தொடங்கப்பட்ட நைஸ் (NICE) என்ற அரசு சார்ந்த அமைப்பு, இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவைக்கு வழிகாட்டுதல் எழுதுகிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் முன் கேள்வியைக் கூர்மையாக்குவார்கள். "முதுகுவலிக்கு எது நல்லது?" என்று தேடினால் கட்டுரைகள் குவியும், பதில் கிடைக்காது. யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்தப் பலன் என்ற நான்கையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். கட்டுரைகளைப் பார்த்தபின் கேள்வியை மாற்றினால், விரும்பிய முடிவுக்கு ஆதாரம் தேடியதாகிவிடும். இது மிகப் பெரிய தவறு.

பிறகு கிரேடு (GRADE) என்ற ஆதார மதிப்பீட்டு முறையில், ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியாக ஆதாரத்தின் தரத்தை மதிப்பிடுவார்கள்: உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகள் 'உயர்வு' நிலையில் தொடங்கினாலும், அங்கேயே நிற்பதில்லை. ஆய்வு 50 வயதினரிடம் நடந்து, நம் கேள்வி 85 வயதினரைப் பற்றியது என்றால் தரம் இறங்கலாம். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

வழிகாட்டுதலைத் தயாரிக்கும் குழுவில் மருத்துவர்கள், செவிலியர்களோடு நோயாளிகள் அல்லது பராமரிப்பாளர்கள் சார்பில் குறைந்தது 2 பேர் இருப்பார்கள். செலவுக்கேற்ற பலனும் கணக்கிடப்படும். மருந்து நிறுவனத்தோடு பணத்தொடர்பு உள்ள உறுப்பினர் அந்த மருந்து குறித்த முடிவிலிருந்து விலக நேரிடும்.

பரிந்துரையின் வினைச்சொல்லைக் கவனித்துப் படியுங்கள். "சிகிச்சையை அளியுங்கள்" என்றால் ஆதாரம் வலுவானது. "அளிப்பதைப் பரிசீலியுங்கள்" என்றால் பலன் அவ்வளவு உறுதியில்லை, நோயாளியோடு கூடுதலாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். வரைவை வெளியிட்டு, வரும் கருத்துகளுக்குப் பதிலளித்த பிறகே இறுதி வடிவம் வெளியாகும்.