ஆங்கில ஆர்ட்டிகிள்களான ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’: பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ‘தி’யை ஒன்று விட்டுவிடுகிறாள், இல்லாவிட்டால் எல்லாச் சொல்லுக்கும் முன்னால் போடுகிறாள். ‘தி’ என்றால் ‘அந்த’ என்றுதான் சொல்லித்தந்தேன். தவறா?

பதில்: சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ‘அந்த’ என்பது சுட்டுச்சொல். அதற்கு இணை ‘தட்’. சூரியனை யாரும் ‘அந்தச் சூரியன்’ என்பதில்லை, ஆனால் ஆங்கிலத்தில் ‘தி சன்’ என்றே சொல்ல வேண்டும். ‘எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்கும் தெரியும்’ என்பதுதான் ‘தி’யின் பொருள்.

இந்த வேறுபாடு உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம்: ‘ஏ புக்’. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் முன்பே பேசிய புத்தகம்: ‘தி புக்’. அந்த ‘ஐ’ உருபு செய்யும் வேலையைத்தான் இங்கே ‘தி’ செய்கிறது. பேனா எடு, பேனாவை எடு என்று ஐந்தாறு இணைகளை அவளையே சொல்லவிட்டு ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலும் ‘ஐ’ வந்துவிடும், குழப்பும். எழுவாய்க்கும் இந்த வழி உதவாது. அதற்குக் கதைத் தொடக்கம் போதும்: முதல் வரியில் ‘ஏ கிங்’, அடுத்த வரியில் அதே ராஜா ‘தி கிங்’.

கேள்வி: ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன்’ என்று மனப்பாடம் செய்த மாணவர்கள் ‘ஆன் யூனிவர்சிட்டி’, ‘ஏ ஹவர்’ என்று எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: அந்த விதி எழுத்தைப் பார்க்கச் சொல்கிறது, பார்க்க வேண்டியது ஒலியை. ஆங்கிலச் சொல்லை உச்சரிப்பின்படி தமிழில் எழுதச் சொல்லுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, உயிர்மெய்யில் தொடங்கினால் ‘ஏ’. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் எச் ஒலிப்பதில்லை. ‘அவர்’ என்று எழுதியதும் ‘ஆன்’ என்பது கண்ணுக்கே தெரியும். யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் மூன்றும் ‘யூ’வில் தொடங்குவதால் ‘ஏ’. எக்ஸ்ரே, எம்.எல்.ஏ. இரண்டுக்கும் ‘ஆன்’. தமிழில் ஒரு வீடு, ஓர் ஆண்டு என்று மாறுவதும் இதே காரணத்தால்தான். அதையும் பக்கத்தில் எழுதிக் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. நம் பேச்சில் ‘எக்’ என்பது ‘யெக்’ ஆகும், ‘ஓல்ட்’ என்பது ‘வோல்ட்’ ஆகும். அப்படியே எழுதினால் விடையும் தவறும். உச்சரிப்பை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு நடுவில் பெயரடை சேர்த்துப் பயிற்சி கொடுங்கள்: ‘ஆன் அம்ப்ரெல்லா’, ஆனால் ‘ஏ பிக் அம்ப்ரெல்லா’.

கேள்வி: ‘ஷி ஈஸ் டாக்டர்’ என்றே என் மகன் எழுதுகிறான். எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை.

பதில்: ‘அவர் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம், அதனால் குறை தெரிவதில்லை. எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் வந்தால் பெரும்பாலும் தனியாக நிற்காது என்று சொல்லுங்கள். முன்னால் ‘ஏ’, ‘தி’, ‘மை’, ‘திஸ்’ போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். ஒன்றுதான், ‘மை தி புக்’ கூடாது.

கேள்வி: ‘ஆன் அட்வைஸ்’ ஏன் தவறு?

பதில்: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், ஹோம்வொர்க் எல்லாம் ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. ‘ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்று சொல்லலாம். தமிழில் நாம் அறிவுரைகளை எண்ணுகிறோம், எனவே ஊகிக்க முடியாது. இந்தச் சிறு பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

கேள்வி: இடப்பெயர்களுக்கு?

பதில்: ஆறு, கடல், மலைத்தொடருக்கு ‘தி’ உண்டு: தி நைல், தி பசிஃபிக், தி ஹிமாலயாஸ். தனி மலை, ஏரி, பெரும்பாலான நாடுகளுக்கு இல்லை: மவுண்ட் எவரெஸ்ட், இந்தியா. ‘தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’, ‘தி நெதர்லண்ட்ஸ்’ விலக்கு. மேலே சொன்ன அடிப்படை உறுதியாகும்வரை இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: கோடிட்ட இடத்தில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள், கட்டுரையில் கோட்டை விடுகிறார்கள். ஏன்?

பதில்: கோடே ‘இங்கே ஒன்று வேண்டும்’ என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. கட்டுரையில் அப்படிக் காட்ட எதுவுமில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே படித்த 70, 80 சொல் பத்தி ஒன்றில் எல்லா ஆர்ட்டிகிளையும் நீக்கி, இடைவெளியே விடாமல் எழுதிக் கொடுங்கள். முதல் சில வாரங்கள் ‘12 காணாமல் போயிருக்கிறது’ என்று எண்ணிக்கையைச் சொல்லுங்கள், பிறகு அதையும் சொல்லாதீர்கள்.

அடுத்து, அவர்கள் சொந்தமாக எழுதியதில் பெயர்ச்சொற்களை அடிக்கோடிடச் சொல்லி மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எண்ணலாமா? ஒன்றா, பலவா? படிப்பவருக்கு எது என்று தெரியுமா? ‘ஐ சா டாக் நியர் கேட். டாக் வாஸ் ஸ்லீப்பிங்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நாய் எண்ணக்கூடியது, ஒன்று, எந்த நாய் என்று படிப்பவருக்குத் தெரியாது: ‘ஏ டாக்’. கேட் வீட்டு வாசலில் இருப்பது, தெரிந்தது: ‘தி கேட்’. இரண்டாம் வரியில் வரும் நாயைப் படிப்பவர் இப்போது அறிவார்: ‘தி டாக்’. திருத்தும்போது ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் சுழியுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை ஏறினால் எந்த விதி எங்கே தவறியது என்று பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கவே முடியாது.