ஸ்லாஷர் படத்துக்கு யார் சொல்வதைக் கேட்பது?

வணக்கம்.

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 82 நிமிட ஸ்லாஷர் படம் (கொலையாளி ஒருவன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் திகில் படம்) ஒன்றை எடுத்து முடித்திருக்கிறோம். மூடிப்போன மில்லின் குடியிருப்பு, ஒரே இரவு, முகமூடி போட்ட கொலையாளி, ஆறு கொலைகள். இசை இன்னும் சேர்க்கவில்லை. ரஃப் கட்டை (முதல்கட்ட எடிட்டிங் வடிவத்தை) 11 பேருக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். இரண்டு கொலைகளில் சிரித்துவிட்டார்கள். ஒருவர் "பயமே வரல" என்றார். இன்னொருவர் "ரொம்பக் கொடூரம், பொண்ணுங்களைக் கொல்றதை ரசிச்சு எடுத்திருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு ‘ஹாலோவீன்’ (1978), ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ (1980) இரண்டையும் மறுபடி பார்த்தேன். முதல் படத்தில் ரத்தம் கிட்டத்தட்ட இல்லை, விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். இரண்டாவதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், ஆனால் கூட்டம் அள்ளியது. ரேட்டிங் தளங்களிலும் விமர்சகர் சதவீதம் ஒன்று, பார்வையாளர் சதவீதம் வேறொன்று. யார் சொல்வதை நம்பி எடிட்டிங்கில் கை வைப்பது?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

"பயமே வரல" என்றவரின் கருத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இசை இல்லாத ஸ்லாஷரை லேப்டாப் ஸ்பீக்கரில் பார்த்தவர் வேறு என்ன சொல்ல முடியும்? ‘ஹாலோவீன்’ இயக்குநர் ஜான் கார்பென்டருக்கும் இது நடந்தது. படத்தின் இறுதி எடிட்டிங் வடிவத்தை, இசையும் சத்தங்களும் சேர்க்காமல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் இளம் நிர்வாகி ஒருவருக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணுக்குத் துளியும் பயம் வரவில்லை. சில மாதம் கழித்து, படம் முழுமையாக வெளிவந்த பின், அவருக்கே அது பிடித்துப்போயிருந்தது. இடையில் தான் சேர்த்தது இசை மட்டும்தான் என்று கார்பென்டரே எழுதியிருக்கிறார். ஐந்து அடிகளில் சுற்றிவரும் அந்தப் பியானோ மெட்டில் காது ஓர் இடத்திலும் உட்கார முடியாது. தற்காலிக இசையாவது போட்டு, காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் சேர்க்கும்வரை பயம் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள்.

இரண்டு படங்களுக்கும் வந்த எதிர்வினைகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் உங்கள் குழப்பம் பாதி தீரும். ‘ஹாலோவீன்’ சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுத்த படம். பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லை. 1978 அக்டோபர் 25-ம் தேதி கான்சஸ் சிட்டியில் வெளியாகி, பிறகு ஊர் ஊராகப் போனது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் கூட்டம் வந்தது. நியூ யார்க்கர் பத்திரிகையில் விமர்சகர் பாலின் கேல் அதை மதிக்கவே இல்லை. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் டாம் ஆலன் எழுதிய பாராட்டுதான் மற்ற விமர்சகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. விமர்சகர் ராஜர் ஈபர்ட்டின் நான்கு நட்சத்திர விமர்சனம் வந்தது 1979 அக்டோபர் கடைசியில், அதாவது படம் வந்து ஒரு வருடம் கழித்து. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்ந்தது 2006-ல். நீங்கள் இன்று பார்க்கும் ஏகோபித்த புகழ் இருபது முப்பது வருடத்தில் படிந்தது. முதல் மாதத்தில் அது இல்லை.

‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ கதை நேர் எதிர். ஷான் கன்னிங்ஹாம் சுமார் ஐந்தரை லட்சம் டாலரில் எடுத்த படத்தைப் பாரமவுண்ட் வாங்கி 1980 மே 9-ம் தேதி நாடு முழுக்க ஒரே நேரத்தில் இறக்கியது. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் விமர்சகர் ஜீன் சிஸ்கெலுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. கூட்டத்தைத் தடுக்க வேண்டும் என்றே கொலையாளி யார் என்பதை விமர்சனத்திலேயே போட்டு உடைத்தார். பாரமவுண்டின் தாய் நிறுவனத் தலைவருக்குக் கண்டனக் கடிதம் எழுதச் சொல்லி முகவரியையும் அச்சிட்டார். படம் அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட நான்கு கோடி டாலர் வசூலித்தது. விளம்பரத்தைப் பார்த்து வந்த இளைஞர்களுக்கு அந்த விமர்சனம் பொருட்டாகவே இல்லை.

சிஸ்கெலும் ஈபர்ட்டும் ரத்தத்துக்கு முகம் சுளித்தவர்கள் என்று இதை முடித்துவிடக் கூடாது. 1980-ல் இருவரும் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒரு பகுதி முழுவதையும் பெண்களைத் துரத்திக் கொல்லும் படங்களுக்கே ஒதுக்கினார்கள். அதிலேயே ‘ஹாலோவீன்’ படத்தைத் தனியாகப் பிரித்துப் பாராட்டினார்கள். அடுத்த வருடம் ஈபர்ட் ஒரு கட்டுரையில், திரையில் நடப்பதோடு அரங்கில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களைப் பார்த்துத் தான் அதிர்ந்ததையும் எழுதினார். அவர்கள் கேட்ட கேள்வி கேமரா பற்றியது. கொல்கிறவன் கண்ணாகவே கேமரா நின்றுகொண்டிருந்தால், பார்க்கிறவன் யார் பக்கம்?

அந்தக் கேமரா அங்கே போய் நின்றதற்கு ஒரு தொழில்முறைக் காரணம் இருக்கிறது. உங்களுக்கும் அது பொருந்தும். ‘ஃப்ரைடே’ படத்தில் கொலையாளி யார் என்பது கடைசிவரை ரகசியம். முகத்தைக் காட்ட முடியாது, உடம்பைக் காட்டினாலும் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். அதனால் இயக்குநருக்கு மிஞ்சுவது கொலையாளியின் பார்வைக் கோணம். மர்மத்துக்காகச் செய்த ஏற்பாடு, பார்க்கிறவரைக் கொலைகாரனின் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. ‘ஹாலோவீன்’ தொடக்கக் காட்சியும் அப்படித்தான், முகமூடித் துளை வழியாகப் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சில நிமிடம் முடிந்ததும் கொலையாளி மைக்கேலின் கண்ணை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் நிற்போம், தெருவின் மறுமுனையில் நிற்போம், மீதி நேரமெல்லாம் பெண்களோடு இருப்போம்.

‘ஹாலோவீன்’ படத்தில் ஆனி என்ற பெண்ணின் மரணத்தைப் பிரித்துப் பாருங்கள். அவள் கார் கதவை இழுக்கிறாள், பூட்டியிருக்கிறது. சாவி எடுக்க வீட்டுக்குள் போகிறாள். திரும்பி வந்து இழுத்தால் கதவு சாவியே போடாமல் திறக்கிறது. அவள் கவனிக்கவில்லை, நாம் கவனித்துவிட்டோம். உள்ளே உட்கார்ந்த பிறகு கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருப்பதைப் பார்க்கிறாள், கையால் துடைக்கிறாள். யாரோ உள்ளே மூச்சுவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியும் நொடியில் பின்சீட்டிலிருந்து கை வருகிறது. ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. அதற்கு முன் அவள் துணி துவைக்கும் அறையில் மாட்டிக்கொண்டது, போனில் அரட்டையடித்தது எல்லாம் பார்த்திருக்கிறோம். அவளுக்கு அந்த இரவில் என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரியும். விமர்சகர்கள் பாராட்டியது இந்த வேலையைத்தான்.

‘ஃப்ரைடே’ படத்தைப் பார்க்கப் போனவர்கள், பொய்க் காயமும் ரத்தமும் செய்துகொடுத்த ஒப்பனைக் கலைஞர் டாம் சவீனியின் கைவேலைக்காகப் போனார்கள். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடிகர் கெவின் பேகன் கட்டிலில் சாகும் காட்சியில் அவர் தலை மட்டும்தான் மெத்தை ஓட்டை வழியாக வெளியே இருக்கிறது. கழுத்தும் மார்பும் லேடெக்ஸ் ரப்பரில் செய்த பொய் உடம்பு. அடியிலிருந்து அம்பைத் தள்ளும்போது ரத்தம் போகும் குழாய் பம்பிலிருந்து கழன்றுவிட்டது. உதவியாளர் டாசோ ஸ்டாவ்ராகிஸ் குழாயை வாயில் வைத்து ஊதினார். படத்தில் ரத்தம் கொப்பளித்து வருவது அந்த மூச்சில்தான். இன்னொரு பொய்க் கழுத்து செய்யக் காசில்லாத படத்தில் இரண்டாவது டேக் கிடையாது. குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, தண்ணீரை ஓடவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்வது அடுத்த படத்துக்காவது உதவும்.

இனி சிரிப்பு. ஸ்லாஷரில் எல்லாச் சிரிப்பும் தோல்வி இல்லை. அடுத்த முறை படத்தைப் போட்டுக் காட்டும்போது ஒரு ஃபோனைப் பார்வையாளர்கள் பக்கம் வைத்து அவர்கள் சத்தத்தைப் பதிவுசெய்யுங்கள். படம் தொடங்குமுன் ஒருமுறை கை தட்டிவிட்டால் பிறகு சத்தத்தையும் படத்தையும் பொருத்துவது சுலபம். அந்த ஆடியோவை எடிட்டிங் டைம்லைனில் படத்துக்குக் கீழே போட்டுப் பாருங்கள். அதிர்ச்சி விழுந்து ஒரு நொடிக்குள் கத்தலும் அதன் வாலில் சிரிப்பும் வந்தால் அது பயம் இறங்கும் சத்தம், தொடாதீர்கள். அடி விழுவதற்கு முன்பே சிரிப்பு தொடங்கினால் ஊகித்துவிட்டார்கள். அங்கே காத்திருப்பைக் குறைக்க வேண்டும், அல்லது அவர்கள் எதிர்பார்க்கும் நொடியில் ஒன்றும் நடக்காமல் விட்டு, மூச்சுவிட்ட பிறகு அடிக்க வேண்டும். காயத்தைக் காட்டும் ஷாட்டின் நடுவில் சிரிப்பு எழுந்தால் ஷாட் நீளம். 24 ஃப்ரேம் வேகத்தில் இரண்டு நொடி என்பது 48 ஃப்ரேம். பொய்த்தோலின் விளிம்பைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்கு அது தாராளம். 16 முதல் 20 ஃப்ரேமில் வெட்டி, சாகிறவர் முகத்துக்கோ பார்க்கிறவர் முகத்துக்கோ போங்கள், சத்தத்தை மட்டும் தொடரவிடுங்கள்.

உங்கள் இரண்டு சிரிப்பில் ஒன்று ரத்தத்தின் நிறத்தாலும் இருக்கலாம். குளிர்ந்த எல்.இ.டி. வெளிச்சத்தில் சிவப்பு ஃபுட் கலர் மட்டும் போட்ட குளுக்கோஸ் பாகு ரோஸ் மில்க் மாதிரி தெரியும். ரீஷூட் செய்வதானால் நீலம் ஒரு சொட்டும் கோகோ பவுடர் ஒரு சிட்டிகையும் சேர்த்து, எந்த விளக்கில் எடுக்கிறீர்களோ அதே விளக்கில், அதே துணியில் தடவிப் பாருங்கள். பழைய ஹாலிவுட் கலவைகளைப் பார்த்துச் செய்வதானால் எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றில் ஃபிலிம் கழுவப் பயன்படும் கோடாக் ஃபோட்டோ-ஃப்ளோ திரவம் சேரும். அது நஞ்சு, நடிகர் வாயருகே போகவே கூடாது.

ரேட்டிங் சதவீதம் எடிட்டிங்குக்கு உதவாது. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் நூற்றில் தொண்ணூறு விமர்சகர்கள் "பரவாயில்லை" என்ற கோட்டைத் தாண்டினார்கள் என்று மட்டும் பொருள். எவ்வளவு பிடித்தது என்பது அதில் இல்லை. சினிமாஸ்கோர் முதல் நாள் அரங்கில் அட்டை கொடுத்து வாங்கும் மதிப்பெண், அதில் தெரிவது விளம்பரம் சொன்னதும் படம் தந்ததும் ஒத்துப்போனதா என்பது. விமர்சகர்கள் கொண்டாடிய ‘ஹெரிடட்டரி’ என்ற திகில் படம் 2018-ல் அங்கே டி பிளஸ் என்ற மோசமான மதிப்பெண்தான் வாங்கியது. ‘டெரிஃபையர் 2’ மாதிரி 138 நிமிடம் ஓடும் படம் 2022-ல் சுமார் இரண்டரை லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, இரண்டாவது வார இறுதியில் முதல் வாரத்தை விட அதிகம் வசூலித்தது. தனக்கு யார் பார்வையாளர் என்று அந்தப் படம் போஸ்டரிலேயே தெளிவாகச் சொன்னது. உங்கள் போஸ்டர் ரத்தத்தை வாக்களித்து, படம் காத்திருப்பைத் தந்தால், நல்ல படத்துக்கும் திட்டுதான் வரும்.

அடுத்த முறை இருட்டான அறை, புரொஜக்டர், இரண்டு நல்ல ஸ்பீக்கர், படத்தில் வேலை செய்யாத, உங்களுக்கு நெருக்கமில்லாத 20 பேர். "எப்படி இருந்தது" என்று கேட்காமல் மூன்று கேள்வியை எழுதிக் கொடுங்கள்: எந்த இடத்தில் கொலையாளி எங்கே இருக்கிறான் என்று குழம்பினீர்கள், யார் செத்தபோது மனசு கஷ்டப்பட்டது, எங்கே நேரம் பார்த்தீர்கள். ஒரே இடத்தை ஐந்தாறு பேர் சொன்னால் கை வையுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை எழுதி வைத்துவிட்டு நகருங்கள்.

"ரொம்பக் கொடூரம்" என்றவர் மட்டும் விதிவிலக்கு. ஒரே ஆளாக இருந்தாலும் அவர் சொன்னது சிஸ்கெல் சொன்னதுதான், அதை ஒதுக்காதீர்கள். ஆறு கொலைகளிலும் சாவுக்கு முந்தைய 60 நொடியில் கேமரா யாரோடு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெண்கள் சாகும்போது மட்டும் அது கொலையாளியின் கண்ணாகவே இருந்தால் அவர் சொன்னது சரி. பிறகு அவரைக் கூப்பிட்டு அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டி, அந்தப் பெண்ணுக்கு அப்போது என்ன வேண்டியிருந்தது என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடிந்தால் காட்சி இருக்கட்டும். முடியாவிட்டால் கொலையைத் தொடாமல் அந்த நிமிடத்தை மட்டும் திரும்ப எடுங்கள். மில் குடியிருப்பில் இன்னும் ஓர் இரவு அனுமதி வாங்க முடியுமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.